ஊஞ்சல் மெத்தைக்கும் குஷன் உறைகளுக்கும் எத்தனை மீட்டர் துணி எடுக்க வேண்டும்?

அம்பை வாசகி:

எல்லோருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டுப் பட்டாசலில் இருக்கும் ஊஞ்சலுக்குப் புதிதாக ஃபோம் மெத்தை வாங்கியிருக்கிறோம். அதற்கும், அதன் மேல் போடும் குஷன்களுக்கும் திண்டுகளுக்கும் ஒரே துணியில் உறை தைக்க விரும்புகிறேன். மெத்தை 60 அங்குல நீளம், 24 அங்குல அகலம், 3 அங்குலக் கனம் உடையது. குஷன்கள் 16 அங்குலச் சதுரத்தில் ஐந்து இருக்கின்றன. உருண்டைத் திண்டுகள் இரண்டு. ஒவ்வொன்றும் 24 அங்குல நீளமும் 7 அங்குல விட்டமும் கொண்டவை. எல்லா உறைகளுக்கும் ஜிப் வைக்கலாம் என்று நினைத்திருக்கிறேன்.

திருநெல்வேலி டவுனில் துணி பார்க்கப் போனபோது, கடை அண்ணாச்சி இந்த அளவுகளைக் கேட்டுவிட்டு ஏழு மீட்டர் வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்து எல்லாப் பக்கங்களின் பரப்பளவையும் கூட்டிப் பார்த்தால் 7154 சதுர அங்குலம் வருகிறது. எனக்குப் பிடித்த துணியின் அகலம் 54 அங்குலம். அதால் வகுத்தால் 133 அங்குலம், அதாவது ஏறக்குறைய 3.4 மீட்டர்தான் ஆகிறது. மூன்றரை மீட்டருக்கும் ஏழு மீட்டருக்கும் நடுவே இவ்வளவு வித்தியாசம் இருப்பதால், எதை நம்பி வாங்குவது என்று தெரியவில்லை. குறைந்தால் அதே துணி மறுபடி கிடைக்காது. கூடினால் பணம் வீண். கணக்கு எப்படிப் போடுவது என்று தைக்கத் தெரிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பாளை தையற்கடை:

வணக்கம் அக்கா. நான் பாளையங்கோட்டையில் சோபா உறையும் திரைச்சீலையும் தைத்துக் கொடுப்பவன். உங்கள் கூட்டலில் பிழை இல்லை. ஆனால், துணியை நாம் சதுர அங்குலமாக வாங்குவதில்லை. ஒரு குறிப்பிட்ட பன்னாவில், அதாவது துணியின் அகலத்தில், நீளமாக வாங்குகிறோம். ஆகவே, பன்னாவில் எத்தனை துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகின்றன என்பதுதான் மீட்டரைத் தீர்மானிக்கிறது. பரப்பளவுக் கணக்கில் தையலுக்கு விடும் துணியும் சேராது. துண்டுகளுக்கு இடையில் ஒன்றுக்கும் ஆகாமல் நிற்கும் ஓரங்களும் சேராது.

முதலில் ஒவ்வொரு துண்டுக்கும் வெட்டும் அளவை எழுதிக்கொள்ளுங்கள். தையலுக்குச் சுற்றிலும் அரை அங்குலம் விட்டால், குஷன் உறைக்கு 17க்கு 17 அளவில் பத்துத் துண்டுகள் வேண்டும். மெத்தைக்கு மேலும் கீழுமாக 61க்கு 25 அளவில் இரண்டு துண்டுகளும், சுற்றிலும் ஓடும் பக்கப் பட்டையும் வேண்டும். மெத்தையின் சுற்றளவு 168 அங்குலம். பின்பக்கத்தில் 50 அங்குலத்துக்கு ஜிப் வருகிறது என்று கொண்டால், மீதி 118 அங்குலத்துக்கு நான்கு அங்குல அகலத்தில் பட்டையும், ஜிப் வரும் பகுதிக்கு ஐந்தரை அங்குல அகலத்தில் 50 அங்குலத் துண்டும் வெட்டி, அந்தத் துண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து நடுவில் ஜிப்பை வைக்க வேண்டும். திண்டின் விட்டம் 7 என்பதால் சுற்றளவு சரியாக 22 அங்குலம்; தையலோடு 23க்கு 25 அளவில் இரண்டு துண்டுகளும், முனைகளுக்கு 8 அங்குல விட்டத்தில் நான்கு வட்டங்களும் தேவை.

இனி 54 அங்குலத் துணியில் இவற்றை அடுக்குவோம். இரு ஓரக்கரைகளையும் கழித்தால் கைக்கு வருவது 53 அங்குலம்தான். குஷன் துண்டுகள் பன்னாவில் மூன்று உட்காரும். ஆகவே பத்துத் துண்டுகளுக்கு நான்கு வரிசை, 68 அங்குலம். நான்காவது வரிசையில் ஒரு துண்டு போக 36 அங்குல அகலத்துக்கு இடம் மிஞ்சும். திண்டின் நான்கு வட்டங்களும் அதிலேயே அடங்கிவிடும். மெத்தையின் மேல் துண்டும் கீழ்த் துண்டும் பக்கம் பக்கமாக 50 அங்குலத்தை எடுத்துக்கொள்வதால், நீளத்தில் 61 அங்குலம் ஆகும். பக்கத்தில் நிற்கும் மூன்று அங்குலத்தில் பட்டை வராது. ஆகவே பட்டைக்கு மூன்று வரிசையும் ஜிப் துண்டுக்கு ஒரு வரிசையுமாகப் பதினேழரை அங்குலத்தைச் சேர்த்து, மெத்தைக்கு மொத்தம் 80 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திண்டுத் துண்டுகள் இரண்டையும் 25 அங்குலப் பக்கம் பன்னாவில் வரும்படி வைத்தால் நீளத்தில் 23 அங்குலம் போதும். 68, 80, 23 மூன்றும் சேர்ந்து 171 அங்குலம், அதாவது 4.34 மீட்டர்.

இதற்கு மேல் துணி சுருங்குவதற்கு நூற்றுக்கு ஐந்து வீதம் கூட்டினால் 4.56 வரும். கடையில் கத்திரி கோணலாகப் போயிருந்தால் இரு முனைகளையும் நேராக்க வேண்டியிருக்கும். அதற்கும் சேர்த்து நாலே முக்கால் மீட்டர் எடுங்கள்.

அண்ணாச்சி சொன்ன ஏழு மீட்டரைத் தப்பு என்று ஒதுக்கிவிட வேண்டாம். அவர் 36 அங்குல பன்னாவை மனதில் வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பன்னாவில் குஷன் துண்டுகள் இரண்டு இரண்டாகத்தான் உட்காரும் என்பதால் 85 அங்குலம் ஆகும். மெத்தைத் துண்டுகளை ஒன்றன் கீழ் ஒன்றாக வெட்டினால் 122 அங்குலம் ஆகும். பக்கத்தில் மிஞ்சும் பத்து அங்குலத்தில் பட்டையும் ஜிப் துண்டும் ஒட்டின்றி, ஒரே நீளமாகக் கிடைத்துவிடுவது 36 அங்குலத் துணியில் ஒரு நல்ல வசதி. திண்டுகளுக்கு 46 அங்குலம். மொத்தம் 253 அங்குலம், அதாவது 6.43 மீட்டர், சுருக்கத்தையும் சேர்த்தால் ஏழுக்குப் பக்கத்தில் போய்விடும். ஆகவே கடையில் முதலில் பன்னாவைச் சொல்லிவிட்டு, அதன் பிறகு மீட்டரைப் பேச வேண்டும். இரண்டு துணிகளுக்கு இடையே தீர்மானிக்கும்போதும் மீட்டர் விலையை மட்டும் பார்க்காமல், மொத்த விலையை ஒப்பிடுங்கள்: 36 அங்குலத் துணியின் மீட்டர் விலை, 54 அங்குலத் துணியின் மீட்டர் விலையில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் இருந்தால் அகலமான துணியே லாபம்.

44 அங்குலத் துணி என்றால் கவனமாக இருங்கள். யோசிக்காமல் வெட்டினால் அதிலும் 36க்கு ஆகும் அதே 253 அங்குலம்தான் ஆகும். குஷன் துண்டுகள் அதிலும் இரண்டுதான் உட்காருகின்றன. ஆனால், மெத்தைத் துண்டுக்குப் பக்கத்தில் 18 அங்குலம் மிஞ்சுகிறது அல்லவா, அந்த 122 அங்குல நீளத்தில் 17 அங்குலத் துண்டுகள் ஏழு வெட்டலாம். திண்டுத் துண்டுகளுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கிடைக்கும். மிச்சம் ஒரு துண்டுக்கும் பட்டைகளுக்கும் தனியாக விட்டாலும் 210 அங்குலத்துக்குள் முடிந்துவிடும். கட்டம் போட்ட நோட்டில் ஒரு கட்டம் ஓர் அங்குலம் என்று வைத்து வரைந்து பார்த்தால் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். பென்சில் பிடிக்காமல் யாரும் இதை மனக்கணக்காகச் சொல்ல முடியாது.

சங்கரன்கோவில் தறிவீடு:

தையற்கடை அண்ணன் போட்ட கணக்கு சரியானது. துணியைப் பற்றி இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன்.

சீட்டில் 54 என்று ஒட்டியிருந்தாலும் கடையிலேயே டேப்பைப் போட்டு அளந்து பாருங்கள். ஒன்று ஒன்றரை அங்குலம் குறைவாக இருக்கும் துணிகள் உண்டு. உங்கள் கணக்கில் எது இடிக்கும் என்று பார்த்தால், மூன்று குஷன் துண்டுகள் சேர்ந்து பிடிக்கும் 51 அங்குலம்தான். துணி அகலத்தில் நூற்றுக்கு மூன்று சுருங்கினால் 54 என்பது 52.4 ஆகும், கரைகளை எடுத்தால் 51.4 நிற்கும். அது போதும். துணி முதலிலேயே 52½ ஆக இருந்தால் மூன்றாவது துண்டு உட்காராது. ஒரே அடியில் நான்கு வரிசை ஐந்தாகிவிடும். அப்படிப்பட்ட துணியானால் ஒவ்வொரு துண்டையும் 16½ அங்குலமாக வெட்டச் சொல்லுங்கள். உறை அரை அங்குலம் இறுக்கமாக வரும். குஷனுக்கு அது அழகுதான். மெத்தைக்கும் அதுவே நல்லது, ஏனென்றால் ஃபோம் உட்கார உட்காரத் தளரும். முதலில் கச்சிதமாக இருக்கும் உறை ஓராண்டில் சுருக்கம் விழுந்து தொளதொளக்கும்.

இன்னொன்று, கைத்தறிப் பருத்தி எடுத்தால் வெட்டுவதற்கு முன்னால் நனைத்துக் காயப்போட்டே ஆக வேண்டும். தறியில் பாவு நூல் (நீளவாக்கில் ஓடும் நூல்) இழுத்துக் கட்டிய நிலையில் நெய்யப்படுவதால், தண்ணீர் பட்டதும் நீளவாக்கில் கூடுதலாகச் சுருங்கும், கஞ்சியும் கழன்றுபோகும். ஓர் இரவு வெறும் தண்ணீரில் ஊறவிட்டு, முறுக்கிப் பிழியாமல் நீளமாக விரித்துக் கொடியில் போட்டு, லேசான ஈரத்திலேயே தேய்த்துவிடுங்கள். அடர்ந்த சிவப்போ நீலமோ ஆனால் தனி வாளியில் நனையுங்கள். உங்கள் பக்கம் சாரல் பிடித்துவிட்டால் நாலே முக்கால் மீட்டர் காய்வதற்கு இரண்டு நாள் ஆகும் என்பதால், தையற்காரரிடம் தேதி சொல்லும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பாலியஸ்டர் கலந்த சோபாத் துணி இந்த அளவுக்குச் சுருங்காது. அதற்கு ஐந்து வீதம் கூட்ட வேண்டியதில்லை.

உங்கள் திண்டு இலவம் பஞ்சில் செய்ததாக இருந்தால், இப்போது இருக்கும் அளவை நம்பாதீர்கள். நாள்பட அழுந்திக் கிடக்கும் பஞ்சு வெயிலில் போட்டால் உப்பும். ஒரு நாள் முழுக்க மொட்டை மாடி வெயிலில் புரட்டிப் போட்டு எடுத்து, அதன் பிறகு நடுவில் டேப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். 22 என்று நினைத்தது 23 அங்குலத்துக்கு மேல் போனாலும் போகும். குஷனை அளக்கும்போது இதற்கு நேர்மாறாக, உப்பலின் மேல் டேப்பை வளைக்காமல், உள் உறையின் ஒரு தையலிலிருந்து எதிர்த் தையல் வரை அளக்க வேண்டும்.

அம்பை வாசகி:

இருவருக்கும் மிக்க நன்றி. ஏழு மீட்டரின் பின்னால் இருந்த காரணம் இப்போது விளங்கிவிட்டது. திண்டுகள் இலவம் பஞ்சுதான். வெயிலில் போட்டு அளந்துவிடுகிறேன்.

இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எனக்குப் பிடித்த அந்த 54 அங்குலத் துணியில் பெரிய மாங்காய்கள் அச்சிட்டிருக்கின்றன. நீளவாக்கில் 12 அங்குலத்துக்கு ஒரு முறையும், அகலவாக்கில் பதின்மூன்றரை அங்குலத்துக்கு ஒரு முறையும் அதே மாங்காய் வருகிறது. ஒவ்வொரு குஷனிலும் மாங்காய் சரியாக நடுவில் வந்தால்தான் பார்க்க நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு எவ்வளவு கூடுதலாக ஆகும்? இரண்டாவதாக, குஷன்களுக்கு ஜிப் வேண்டாம், தலையணை உறை போலப் பின்னால் ஒன்றன் மேல் ஒன்று மடிந்து வரும்படி தைத்துவிடலாம் என்று என் மதினி சொல்கிறார்கள். அப்படித் தைத்தால் துணி மிச்சமாகுமா?

பாளை தையற்கடை:

பூ பார்த்து வெட்டுவது என்று வந்துவிட்டால் கணக்கே வேறு. பத்துத் துண்டுகளுக்கும் பார்க்க வேண்டியதில்லை; முன்பக்கமாக வரும் ஐந்துக்கு மட்டும் பார்த்தால் போதும். அகலத்தில் மாங்காய்கள் பதின்மூன்றரை அங்குலத்தில் வருகின்றன. உங்கள் துண்டோ 17 அங்குலம். அடுத்தடுத்த இரண்டு மாங்காய்களையும் நடுவில் வைத்து இரண்டு துண்டுகள் வெட்ட முடியாது என்பதால் ஒன்று விட்டு ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். ஆகவே பன்னாவில் மூன்றுக்குப் பதில் இரண்டு முன்துண்டுகள்தான் கிடைக்கும். நீளத்திலும் அதே நிலைதான்: 17ஐத் தாண்டிய அடுத்த மடங்கு 24 என்பதால், ஒவ்வொரு வரிசையும் 24 அங்குலம் தள்ளித் தொடங்கும். முன்துண்டுகள் ஐந்துக்கு 65 அங்குலமும், அந்த மூன்றாம் வரிசையிலேயே கிடைக்கும் ஒரு பின்துண்டு போக, மற்ற நான்கு பின்துண்டுகளுக்கு 34 அங்குலமும் ஆகும். முன்பு 68 ஆன இடத்தில் இப்போது 99 ஆகிறது.

இதில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கவும் வழி உண்டு. இரண்டு முன்துண்டுகளுக்கு நடுவே பத்து அங்குல அகலத்தில் 65 அங்குல நீளத்துக்கு ஒரு கீற்று நிற்குமே, அதில் மெத்தையின் ஜிப் துண்டையும் ஒரு பட்டையையும் எடுத்துவிடலாம். அவற்றில் பூ குறுக்காக வந்தாலும் பின்பக்கம் போவதால் உறுத்தாது. இன்னொரு பக்கம், கடையில் வெட்டிய இடம் மாங்காயின் நடுவில் வந்துவிட்டால் அடுத்த மாங்காய் வரை பன்னிரண்டு அங்குலம் போகும். இவற்றையும் சுருக்கத்தையும் சேர்த்தால் ஐந்தரை மீட்டர் எடுக்க வேண்டியிருக்கும். மாங்காய் நடுவில் வருவதற்காக முக்கால் மீட்டர் விலையைக் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். கொடுக்கலாம்தான், ஆனால் சிறு பூவோ மெல்லிய கோடோ எடுத்தால் அந்தச் செலவே இல்லை. என்னைக் கேட்டால், ஐந்து குஷன்களை அருகருகே சாய்த்து வைக்கும் ஊஞ்சலில், முன்னால் யாராவது உட்கார்ந்துவிட்டால் மாங்காயும் தெரியாது, நடுவும் தெரியாது.

மதினி சொல்லும் மடிப்பு உறை நல்ல யோசனைதான், ஆனால் 54 அங்குலத்தில் துணி மிச்சமாகாது, கூடத்தான் ஆகும். ஒரே நீளத் துண்டாக வெட்டினால் முன்பக்கம் 16, பின்பக்கம் 16, ஒன்றன் மேல் ஒன்று ஏறும் பகுதி 5, இரு முனைகளையும் மடித்துத் தைக்க 2 என்று 39 அங்குல நீளம் வேண்டும், அகலம் 17. சொல்லப்போனால் ஒரு மீட்டர் என்பதே 39.37 அங்குலம் என்பதால், 16 அங்குலக் குஷனுக்கு ஒரு மீட்டர் என்று கணக்கு சுலபமாக நிற்கும்: 36 பன்னாவில் மீட்டருக்கு இரண்டு உறை, 54 பன்னாவில் மீட்டருக்கு மூன்று உறை. ஐந்து உறைகளுக்கு 54இல் 78 அங்குலம் ஆகும். ஜிப் வைத்தால் 68தான். 44 அங்குலத் துணியில் மட்டும் இரண்டும் ஒன்றே. அதில் 39 அங்குலத்தைப் பன்னாவின் குறுக்கே படுக்கவைத்துவிட்டால் ஓர் உறைக்கு 17 அங்குல நீளம்தான் ஆகும். ஐந்துக்கு 85 அங்குலம். அதற்கு இன்னொரு நன்மையும் உண்டு. நீளவாக்கில் வெட்டி மேலிருந்து கீழாக மடித்தால் பின்பக்கத்துப் பூ தலைகீழாக நிற்கும். குறுக்கே வெட்டிப் பக்கவாட்டில் மடித்தால் இரு பக்கமும் பூ நேராகவே நிற்கும்.

குஷன் 18 அங்குலம் என்றால் இந்தக் கணக்குகள் எதுவும் பொருந்தாது என்பதையும், இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். அதன் துண்டு 19 அங்குலம். 36இல் இரண்டு உட்காராது. 54இல் மூன்று உட்காராது.

தென்காசி மகேசு:

ஒரு மாற்று வழியும் இருக்கிறது. கரூர், சென்னிமலைப் பக்கத்திலிருந்து வரும் இரட்டைக் கட்டில் விரிப்பு 90க்கு 108 அங்குல அளவில் கிடைக்கிறது. நோட்டில் வரைந்து பார்த்தேன். உங்கள் அளவுகள் அத்தனையும் ஒரே விரிப்பில் அடங்குகின்றன. மெத்தைத் துண்டுகள் இரண்டும் அருகருகே 50 அங்குலத்தைப் பிடித்துக்கொள்ள, பக்கத்து 40 அங்குலத்தில் ஆறு குஷன் துண்டுகள் வருகின்றன. அதன் கீழே ஒரு வரிசையில் மற்ற நான்கு குஷன் துண்டுகளும், அவற்றின் அருகில் நான்கு வட்டங்களும் வருகின்றன. கடைசி முப்பது அங்குலத்தில் திண்டுத் துண்டுகளையும் பட்டைகளையும் எடுத்துவிடலாம். விரிப்பை ஒரு முறை துவைத்துவிட்டு, உண்மையில் எத்தனை அங்குலம் நிற்கிறது என்று பார்த்த பிறகே கத்திரி வைக்க வேண்டும். மெல்லிய விரிப்பாக இருந்தால் ஊஞ்சலில் நாள்தோறும் உட்கார்ந்து எழுவதற்கு மெத்தை உறை தாங்காது. தடித்த நெசவாகப் பார்த்து எடுங்கள், அல்லது உள்ளே காடாத் துணியில் ஓர் உறை போட்டுவிடுங்கள். விலை மட்டும் மீட்டர் துணியைவிடக் குறைவாகவே முடியும்.

அம்பை வாசகி:

மாங்காயை விட்டுவிட்டு, அதே கடையில் பார்த்த சிறு கட்டம் போட்ட 54 அங்குலப் பருத்தியை நாலே முக்கால் மீட்டர் எடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன். உறைகளின் ஓரத்தில் வேறு நிறத்தில் பைப்பிங் வைக்க ஆசை. அதற்கும் ஜிப்புக்கும் எவ்வளவு வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள், அண்ணன்.

பாளை தையற்கடை:

மெத்தையின் மேல் ஓரத்துக்கும் கீழ் ஓரத்துக்கும் 168 வீதம் 336 அங்குலம், குஷன்கள் ஐந்துக்கும் 64 வீதம் 320 அங்குலம், ஆக 656 அங்குலம் பைப்பிங் ஆகும். ஒன்றரை அங்குலக் கீற்றாகக் கிராஸில் (குறுக்குச் சாய்வாக) வெட்ட வேண்டும் என்பதால் 36 அங்குல பாப்ளின் ஒரு மீட்டர் எடுத்தால், ஒட்டுப் போடுவதில் போகும் சேதாரத்துக்கும் சேர்த்துத் தாராளமாக வரும். அந்தத் துணியையும் நனைத்தே வெட்டுங்கள். பாப்ளின் பின்னால் சுருங்கினால் ஓரம் முழுக்க இழுத்துக்கொண்டு நிற்கும்.

ஜிப்பைத் தனித்தனியாக வாங்காமல், மீட்டர் கணக்கில் விற்கும் ரோல் ஜிப்பை வாங்கி, ரன்னரை (ஜிப்பை இழுத்துத் திறந்து மூடும் பிடியை) தனியாகக் கோத்துக்கொள்வது மலிவு. குஷனுக்கு 15 அங்குலம் வீதம் 75, மெத்தைக்கு 50, திண்டுக்கு 20 வீதம் 40 என்று 165 அங்குலம் வருகிறது. நாலரை மீட்டர் ஜிப்பும் பத்து ரன்னரும் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுதான் வேண்டும் என்றாலும், கோக்கும்போது ஒன்றிரண்டு வாய் விரிந்து வீணாகும்.